கிடேகாவின் தலையில் இருந்த வெட்டு

எலும்பு பொய் சொல்லாது என்று வானொலியில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்லாதுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். கேட்கத் தவறியதைத் தானாக எடுத்துச் சொல்லாது. போரில் செத்தவர்களின் எலும்பைத் தோண்டி ஆராயும் டாக்டராக, பதினாறு வருஷமாக அச்சோலி நாடு முழுவதும் குழி குழியாக இறங்கி ஏறிய ஃபில்டாவுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் லாமிந்தூவில் அவளுக்கு வாய் தவறியது.

லாமிந்தூவின் நடுவே ஓர் ஓடை. மேல்கரையில் கிடேகாவின் குலத்தார், கீழ்க்கரையில் நியேகோவின் குலத்தார். பதினெட்டு வருஷமாக ஒரு கரைக்காரன் மறு கரையில் ஒரு வாய் களி தின்றதில்லை, ஒரே நேரத்தில் கிணற்றில் நீர் மொண்டதில்லை, பெண் கொடுத்து எடுத்ததில்லை. இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு கொலை கிடந்தது. கொலை தீராமல் கிடக்கும்போது சேர்ந்து சாப்பிட்டால் செத்தவன் சும்மா விடமாட்டான் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். போர் நடந்து, சிப்பாய்கள் ஊரையே முகாமில் அடைத்து வைத்திருந்த காலம். விறகு பொறுக்க முகாமை விட்டு வெளியே வந்தவர்களைக் கலகக்காரர்களின் காட்டுப்படை மடக்கி, மூட்டை சுமக்கப் பிடித்துக்கொண்டு போனது. கிடேகாவுக்கு அப்போது முப்பது வயது, மனைவி லாயெத், மூன்று பிள்ளைகள். நியேகோவுக்குப் பதின்மூன்று. கிடேகாவின் தம்பி ஓஜாராவும் அன்றைக்குக் கூடவே போயிருந்தான். அவன் உயரப் புல்லுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்ததால் தப்பினான். அண்ணன் கத்திய சத்தம் அவன் காதில் விழுந்தது. அவன் வெளியே வரவில்லை.

பிறகு தப்பி வந்தவர்கள் மிச்சக் கதையைச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் கிடேகாவுக்குக் கால் புரையோடி நடக்க முடியாமல் போனது. தளபதி நியேகோவின் கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்து, முடித்துவிட்டு வா என்றான். பையன் மறுநாள் காலையில் ரத்தக் கத்தியோடு திரும்பி வந்து, "வெட்டிட்டேன்" என்று எல்லார் எதிரிலும் சொன்னான். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் இரண்டு குலமும் வேர் குடிக்கச் சம்மதித்திருந்தன. ஓபுட் மரத்தின் வேர், எட்டிக்காய்க் கசப்பு. கொன்றவன் நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பக்கத்தாரும் முழங்காலிட்டு ஒரே சுரைக்குடுக்கையில் அந்தச் சாற்றைக் குடித்துவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஒளித்துவிட்டுக் குடித்தால் அது வெறும் கசப்புத் தண்ணீர். சனிக்கிழமைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நியேகோ எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினான். கிடேகா பயிர் வைத்த சொந்தக் காட்டிலேயே, கரையான் புற்றை ஒட்டி. காட்டிவிட்டு, யாரும் கேட்க விரும்பாத ஒன்றையும் சொன்னான். "நான் வெட்டல. அவரே செத்துட்டாரு. என் கெண்டைக்காலைக் கீறி ரத்தத்தைக் கத்தியில பூசிட்டுப் போய்ப் பொய் சொன்னேன்."

ஓஜாரா காறித் துப்பினான். வேர் குடிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு கதை. அதனால்தான் இரண்டு கரைக்கும் மூத்த குலத்தலைவர் ஃபில்டாவுக்கு ஆள் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். ஃபில்டாவோடு பல வருஷமாகக் குழி தோண்டும் சாந்தோ, சேறு பூசிய எருமை மாதிரி இருப்பான்; ஆனால் கரண்டியைப் பிடித்தால் பூப்பறிக்கிற கை. உடம்பு புற்றின் சரிவில் கிடந்தது. கால் பக்கம் முழங்கால் ஆழம், தலைப்பக்கம் ஒரு சாண்தான். தோண்டுவதற்கு முன்பு ஃபில்டா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "இந்த இடத்துல யாராச்சும் எப்பவாச்சும் கொத்தினதுண்டா?"

லாயெத்தான் பதில் சொன்னாள். "அந்தப் பக்கம் மண்வெட்டியே பட்டதில்ல. புத்துக்கிட்ட யாரு கொத்துவா?"

ஃபில்டா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை, மரத்தடியில் விரித்த தார்ப்பாயில் எலும்புகளை வரிசையாக வைத்தாள். மேல்கரை ஆட்கள் சுற்றி நின்றார்கள். கீழ்க்கரை ஆட்கள் தள்ளி, வேறு மரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நிழலைக்கூடப் பங்கு போட முடியாது. பல்லில் இருந்த சந்து, சின்ன வயதில் முறிந்து கோணலாகக் கூடிய இடது மணிக்கட்டு, இரண்டையும் பார்த்து லாயெத் தலையை ஆட்டினாள். ஆள் கிடேகாதான்.

வலது முழங்கால் எலும்பைத் தூக்கிக் காட்டினாள் ஃபில்டா. மரப்பட்டை மாதிரி சொரசொரவென்று வீங்கியிருந்தது. "உள்ளுக்குள்ள சீழ் வச்சிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள்ல எலும்பு இப்படி ஆகாது. வாரக்கணக்கா இந்தக் காலோடதான் மூட்டை தூக்கியிருக்காரு. கடைசியில நடந்திருக்க முடியாது."

"நடக்க முடியாதவனைத்தானே வெட்டுவாங்க," என்றான் ஓஜாரா. அவன் சொன்னதிலும் தப்பில்லை.

அப்புறம் தலை. இடது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லைக் காணவில்லை. ஃபில்டா லென்ஸை வைத்துப் பார்த்தாள். இப்போது தோண்டும்போது உடைந்திருந்தால் உடைந்த வாய் வெளுப்பாகத் தெரியும், பழைய பானையை உடைத்தால் உள்ளே வேறு நிறம் தெரிகிற மாதிரி. இது மற்ற எலும்பைப் போலவே பழுப்பேறியிருந்தது. காய்ந்த எலும்பு என்றால் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும்; இது பச்சைக் குச்சியைச் சீவியது போல வழவழப்பாக இருந்தது. ஆறத் தொடங்கிய அடையாளமும் இல்லை.

"எலும்பு பச்சையா இருக்கும்போது விழுந்த வெட்டு," என்றாள்.

"அப்படின்னா? சாகும்போதா?" ஓஜாரா முன்னால் வந்து கேட்டான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா. சாவை ஒட்டி," என்று சொல்லிவிட்டாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானைக்கு அப்போதே தெரிந்துவிடும், ஃபில்டாவுக்குத் தெரியவில்லை. எலும்பின் பச்சை உயிரோடு சேர்ந்து போய்விடுவதில்லை. ஆள் செத்துப் பல மாதம் மண்ணுக்குள் பச்சையாகவே கிடக்கும். அந்த மாதங்களில் எது விழுந்தாலும் உயிரோடு இருந்தபோது விழுந்தது போலவே தெரியும். இதைத் தொழில் கற்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பவள் அவள். ஆனால் மண்வெட்டி படாத இடம் என்று எழுதி வைத்திருந்தாளே! அந்த ஒரு வரியை நம்பினாள்.

"சொன்னேன்ல! சொன்னேனா இல்லியா!" ஓஜாரா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். கத்தியவன் அப்படியே அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். பெண்கள் ஒப்பாரி வைத்து அழத் தொடங்கினார்கள். தூரத்து மரத்தடியில் நியேகோ தன் இடது காதுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டான். லாயெத் மட்டும் அழவில்லை. சமையல் கொட்டகையை நோக்கி நடந்தாள். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும் என்று ஃபில்டா நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நியேகோ வந்தான். எலும்புகளை வைத்திருந்த தேவாலயக் கொட்டகையின் வாசலிலேயே நின்றான். முப்பத்தொரு வயதுக்கு அதிகமாகவே நரை.

"உள்ள வா தம்பி."

"வேணாம் டாக்டரம்மா. அவரு இருக்காரு." கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான். "சனிக்கிழமை நான் வெட்டினேன்னே சொல்லிடறேன். நீங்களும் அப்படியே எழுதிக்குங்க."

"நீ வெட்டலன்னுதானே சொன்னே?"

"சொன்னேன். எம் பொண்ணுக்குப் பத்து வயசு. கிணத்துக்குப் போனா மேல்கரைப் பொண்ணுங்க குடத்தைத் தூக்கிட்டு ஓடிடறாங்க. இவ இறைச்சு முடிக்கிற வரைக்கும் தள்ளி நிக்கிறாங்க. வீட்டுக்கு வந்து, 'அப்பா, நம்ம மேல நாத்தமடிக்குதா'ன்னு கேக்கறா. வேர் குடிச்சா அது தீரும்ல?"

"பொய் சொல்லிக் குடிச்சா எப்படித் தீரும்?"

நியேகோ முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "அது பொய்யான்னே இப்ப எனக்குத் தெரியல. அவரு தலையைத் தொடைமேல வச்சிருந்தது ஞாபகமிருக்கு. விடியறப்ப உடம்பு சில்லுனு ஆனது ஞாபகமிருக்கு. கையாலயும் கத்தியாலயும் மண்ணைத் தோண்டினது ஞாபகமிருக்கு. வெட்டினது ஞாபகமில்ல. ஆனா எலும்பே சொல்லுதுன்னா, நான் வெட்டிட்டு மறந்துட்டேன் போல. அந்த வயசுல நாங்க மறந்தது கொஞ்சமா?"

அவன் போன பிறகும் ஃபில்டா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டுப்படை பறித்தது போக அவனிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு ராத்திரியின் ஞாபகம் மட்டும்தான். அதையும் தன்னுடைய ஒரு 'ஆமா' பிடுங்கிக்கொண்டுவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

பெட்டியைத் திறந்து தலையை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை வெட்டைப் பார்க்கவில்லை. வெட்டுக்குப் பக்கத்தில் இல்லாததைப் பார்த்தாள். அந்தச் சில்லு எங்கே? உயிரோடு இருப்பவன் தலையில் கத்தி விழுந்தால் பெயர்ந்த சில்லு எங்கேயும் போகாது. தோல் பிடித்துக்கொள்ளும், தலையோடு குழிக்குள் போய், தோல் மட்கிய பிறகு தலைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். குழி மண் முழுவதையும் சாந்தோ சலித்திருந்தான். விரல் எலும்புகூட விடாமல் கிடைத்தது. சில்லு மட்டும் கிடைக்கவில்லை.

அப்புறம் வெட்டின் வடிவம். கத்தி நெடுக ஒரே ஆழத்தில் இறங்கும். இது ஒரு முனையில் ஆழமாகவும் மறு முனையில் வெறும் கீறலாகவும் இருந்தது, அகலமான தகட்டின் மூலை முதலில் குத்தியது போல. புதன்கிழமையும் இதைக் கண்ணால் பார்த்தவள்தான். காதில் விழுந்த ஒரு வரி கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் சாந்தோவை எழுப்பிக்கொண்டு புற்றுக்குப் போனாள்.

"குழிக்கு வெளியே தோண்டணும். சரிவுக்குக் கீழ்ப்பக்கம்."

"குழிக்குள்ள இருந்தவரே எல்லாம் சொல்லிட்டாருன்னு ஊரே பேசுது. வெளியே யாரைத் தேடப் போறோம் அக்கா?"

"என் மானத்தை."

"அப்ப ஆழமாத்தான் தோண்டணும்," என்றான் சாந்தோ. ஆனால் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. தலை கிடந்த இடத்திலிருந்து இரண்டு எட்டு கீழே, ஒரு சாண் ஆழத்துக்குள் கிடைத்தது. கட்டைவிரல் நகம் அளவு, பழுப்பு நிறம். சாந்தோ அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். ஃபில்டா கொட்டகைக்கு வந்து தலையின் காலி இடத்தில் வைத்துப் பார்த்தாள். பூட்டும் சாவியும் போல உட்கார்ந்தது. இரண்டு எட்டு என்பது மண்வெட்டி இழுத்து வருகிற தூரம். அது இழுத்தபோது சில்லைப் பிடித்து வைக்கத் தோல் இல்லை. ஆனால் எலும்பு இன்னும் காயவில்லை. கிடேகா இறந்தது வறட்சிக் காலத்தின் நடுவில். அப்படியானால் கொத்தியது அதற்கடுத்த மழையில். ஊரெல்லாம் முகாமில் கிடந்தபோது யாரோ இங்கே வந்து கொத்தியிருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. மண்வெட்டி பட்டதே இல்லை என்று அவசரமாகச் சொன்னவள் ஒருத்திதான்.

லாயெத் கொட்டகை முன்னால் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இரண்டு குலத்துக்கும் சேர்த்துக் களி கிண்ட வேண்டும். ஃபில்டா பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கை அள்ளிக் கல் பொறுக்கினாள்.

"அக்கா, முகாம்ல இருந்தப்ப யாராச்சும் திருட்டுத்தனமா வந்து இங்க பயிர் வச்சாங்களா?"

முறம் நிற்கவில்லை. "வெளியே வந்தா சிப்பாய் சுடுவான். யாரு வருவா?"

"எனக்குத் தெரிஞ்சு எங்க அம்மாவே போயிருக்காங்க. முகாம்ல குடுத்த மக்காச்சோளம் எத்தனை நாளைக்குக் காணும்?"

"உங்க அம்மாவுக்குத் தைரியம் ஜாஸ்தி."

"அக்கா, அந்த வெட்டு கத்தி வெட்டு இல்ல."

முறம் நின்றது. "புதன்கிழமை ஒரு பேச்சு, வெள்ளிக்கிழமை ஒரு பேச்சா? செத்தவரை இன்னும் எத்தனை தடவை புரட்டுவீங்க? எந்திரிங்க, எனக்கு வேலை கிடக்கு."

ஃபில்டா எழுந்து வந்தாள். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெண் உடைந்திருப்பாள். கேட்க மனசு வரவில்லை. எலும்பு 'மண்வெட்டி' என்று சொல்லும். யார் கை என்று சொல்லாது. எலும்பு சொல்லாத ஒன்றை ஏற்கெனவே ஒரு முறை சொல்லி ஒருவனைக் கெடுத்தாயிற்று. இன்னொருத்தியையும் கெடுக்க வேண்டுமா?

சனிக்கிழமை. இரண்டு குலத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் பத்தடி வெறும் தரை. சடங்குக்காக ஒரு பக்கம் செம்மறி, மறு பக்கம் வெள்ளாடு கட்டியிருந்தது. இடித்த வேர், சுரைக்குடுக்கைப் பக்கத்தில் தயாராக இருந்தது. குலத்தலைவர் நியேகோவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல் என்றார். நியேகோ எழுந்து நின்றான். உதடு அசைந்தது.

"அவர் பேசறதுக்கு முன்னாடி நான் பேசணும்," என்று ஃபில்டா எழுந்தாள்.

முறை தெரியாதவள் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. "புதன்கிழமை நான் சொன்னது தப்பு. என் தப்பு." சில்லை உயர்த்திக் காட்டினாள். எங்கே கிடைத்தது, எத்தனை ஆழத்தில், தோல் இருந்திருந்தால் அது எங்கே இருந்திருக்கும், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "இது மண்வெட்டி. அவர் இறந்து நாலஞ்சு மாசம் கழிச்சு, மண்ணுக்குள்ள இருக்கும்போது விழுந்தது. உயிரோட இருந்தப்ப அவரை வெட்டினதுக்கு இந்த எலும்புல எங்கயும் அடையாளம் இல்ல. எப்படிச் செத்தாருன்னு எலும்பு முழுசாச் சொல்லல. ஆனா அந்தக் காலோட ஒருத்தர் தானாவே சாகலாம்."

ஓஜாரா துள்ளி எழுந்தான். "கீழ்க்கரை வீட்டுச் சோறு அவ்வளவு ருசியா இருந்துச்சா டாக்டரம்மா? நாலஞ்சு மாசத்துல நாங்க எல்லாம் முகாம்ல கிடந்தோம்! யாரு வந்து கொத்தினது? பேய் வந்து கொத்துச்சா? சொல்லுங்க, யாரு மண்வெட்டி?"

"அது எலும்புல இல்ல."

"இல்லாத மண்வெட்டிக்காக எங்க அண்ணனைக் கொன்னவனை விடணுமா?"

நியேகோ கையைத் தூக்கினான். "விடுங்கண்ணே. சண்டை வேணாம். நான் சொல்லிடறேன். நான்தான்..."

"உக்காருடா!"

லாயெத். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியாது போல நின்றாள். கையில் களி கிண்டும் துடுப்பு அப்படியே இருந்தது.

"என் மண்வெட்டி," என்றாள். "நான்தான் கொத்தினேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அவரைப் பிடிச்சுட்டுப் போன மறு மழையில. முகாம்ல சின்னவனுக்குக் காலும் கையும் குச்சியாப் போச்சு. விறகுக் கட்டுக்குள்ள மண்வெட்டியை ஒளிச்சு எடுத்துட்டு விடியறதுக்குள்ள வருவேன். புத்து மண்ணு நல்ல மண்ணு. எள்ளு விதைக்கலாம்னு கொத்தினேன். டொக்குனுச்சு. கல்லுன்னு இழுத்தேன். இழுத்துட்டுப் பாத்தா..." துடுப்பு கீழே விழுந்தது. "அப்ப எங்க பாத்தாலும் எலும்பு. எவனோ ஒரு காட்டுப்படைக்காரன்னு நினைச்சு மண்ணைத் தள்ளி மூடிட்டேன். எலும்பைப் புரட்டினவ சொல்லணும், ஆடு வெட்டணும், அந்த நிலத்தை விட்டுடணும். தெரியும். ஆட்டுக்கு எங்க போவேன்? நிலத்தை விட்டா எம் புள்ளைங்க எதைத் திங்கும்? மூடிட்டு அதுமேலயே விதைச்சேன். நல்லா விளைஞ்சுது. அந்த எள்ளை இடிச்சு எம் புள்ளைங்களுக்கு ஊட்டினேன். நானும் தின்னேன்."

ஓஜாரா நின்ற இடத்திலேயே நின்றான்.

"நியேகோ இடத்தைக் காட்டினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. தலையை எடுத்தப்ப, என் மண்வெட்டி விழுந்த இடத்துலயே அந்த வெட்டு. எம் புருஷன் மேல நின்னுக்கிட்டு அவரு தலையிலயே... அதைச் சொல்ல வாய் வரல. இவன் சுமக்கட்டும்னு விட்டுட்டேன். பதினெட்டு வருஷம் சுமந்தவன்தானே, இன்னும் கொஞ்சம் சுமக்கட்டும்னு விட்டுட்டேன்."

அதன் பிறகு அவள் அழுதாள். புதன்கிழமை அழாததையும் சேர்த்து அழுதாள். ஒருத்தரும் கிட்டே போகவில்லை. ஃபில்டாவுக்குக் கண் நிறைந்து எதிரே இருந்த ஆட்கள் மங்கலாகத் தெரிந்தார்கள்.

குலத்தலைவர் தொண்டையைச் செருமினார். "லாயெத் அன்னைக்கு வெட்ட வேண்டிய ஆட்டை இன்னைக்கு வெட்டலாம். இந்த வெள்ளாடு அதுக்கு ஆகும். அது பெரிய விஷயமில்ல." பிறகு சுரைக்குடுக்கையைப் பார்த்தார். "ஆனா கொலை இல்லேன்னா வேர் இல்ல. எல்லாரும் எந்திரிக்கலாம்."

"அப்ப எனக்கு?" என்றான் நியேகோ.

எழப்போனவர்கள் உட்கார்ந்தார்கள்.

"நான் வெட்டல. சரி. ஆனா வெட்டினேன்னு சொல்லிப் பொழச்சேன். பொதைச்ச இடத்தை இத்தனை வருஷம் சொல்லாம இருந்தேன். ராத்திரியில அவரு வந்து நிக்கிறாரு. இதைக் குடிச்சாத் தீரும்னு காத்துக்கிட்டிருந்தேன். எனக்குக் குடிக்க ஒண்ணுமே இல்லியா?"

குலத்தலைவர் ரொம்ப வயதானவர். பஞ்சாயத்துப் பேசியே நரைத்த தலை. "அதுக்கு எங்ககிட்ட வேர் கிடையாதுப்பா," என்றார்.

லாயெத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நடுவில் கிடந்த அந்தப் பத்தடியைத் தாண்டி நியேகோவின் முன்னால் போய் நின்றாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

பதினெட்டு வருஷத்தில் வெட்டினாயா, எங்கே வெட்டினாய், எப்படி வெட்டினாய் என்று கேட்காதவர் இல்லை. இதை யாரும் கேட்டதில்லை. நியேகோவின் முகம் கோணியது. சின்னப் பையன் முகம்.

"பசிக்குதுன்னாரு அண்ணி. நம்ம காட்டுக்குக் கூட்டிட்டுப் போடா, அங்க ஏதாச்சும் இருக்கும்னாரு. தாங்கித் தாங்கிக் கூட்டிட்டு வந்தேன். காடு வெறுங்காடாக் கிடந்துச்சு. எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல."

லாயெத் சமையல் கொட்டகைக்குப் போனாள். விழாவுக்குக் கிண்டிய களியில் ஒரு கட்டியும், எள்ளும் நிலக்கடலையும் அரைத்து விட்ட புளிச்சக்கீரையும் ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தாள். "அண்ணி, வேணாம்," என்றான் ஓஜாரா. அவன் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. டாக்டரம்மா சொன்னது தப்பாக இருந்தால், இந்தத் தட்டில் கை வைக்கிறவள் உயிருக்கே கேடு. லாயெத்துக்கும் அது தெரியும். தட்டைத் தரையில் வைத்து, நியேகோவுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் உருண்டையைத் தானே பிட்டுக் கீரையில் தோய்த்து விழுங்கினாள். பிறகு தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

நியேகோ உட்கார்ந்தான். களியைப் பிட்டான். வாயில் வைத்தவன் மெல்லத் தெரியாதவன் போல அப்படியே வைத்திருந்தான். ஓஜாரா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டைக் கட்டியிருந்த பக்கமாக நடந்தான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"மெதுவாத் தின்னு," என்றாள் லாயெத்.

அவன் விழுங்கினான். அடுத்த வாய் கொஞ்சம் பெரியதாகப் பிட்டான். அதற்கடுத்தது அதைவிடப் பெரியது. கண்ணீர் தாடையில் வழிந்து களியில் விழுந்தது, துடைக்காமல் தின்றான். தட்டு காலியானது.

"இன்னும் வேணுமா?"

"வேணும்," என்றான் நியேகோ.